வயர் டைமர் ரிமோட்: கேள்வி பதில்

கேமராவில் வயரால் சொருகி, குறித்த நேரத்தில் ஷட்டரை அழுத்த வைக்கும் டைமர் ரிமோட் பற்றி, வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் நிறையக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, என்னுடையது கேனான் 1500டி. கடையில் "கேனானுக்கு ரிமோட்" என்று கேட்டு வாங்கினேன். மூன்று ஊசி வைத்த பிளக் வந்திருக்கிறது, கேமராவில் அதைச் சொருக இடமே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றவில்லை தம்பி, கடைக்காரர் மாடலைக் கேட்காமல் கொடுத்துவிட்டார். கேனானிலேயே இரண்டு வகை உண்டு. 1500டி, 200டி, 80டி, ஆர்6 போன்றவற்றுக்கு இ3 என்னும் 2.5 மி.மீ. ஜாக். 5டி மார்க் 4, 7டி, ஆர்5 போன்றவற்றுக்கு என்3 என்னும் மூன்று ஊசி பிளக். உங்களுக்கு வேண்டியது இ3. ரிமோட்டிலிருந்து கேபிள் தனியாகக் கழன்று வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கேபிளை மட்டும் வாங்கினால் போதும்.

நிகான்காரர்களும் கேட்டிருந்தீர்கள். டி5600, டி7500, டி750 ஆகியவற்றுக்கு டிசி2 பிளக், டி500, டி850 ஆகியவற்றுக்கு வட்டமான 10 பின் பிளக். டி3500 வைத்திருப்பவர்கள் காசைச் செலவழிக்க வேண்டாம், அதில் வயர் ரிமோட்டுக்குத் துளையே கிடையாது.

கேள்வி: மலிவு ரிமோட் போட்டால் கேமரா போர்டு போய்விடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார்.

பதில்: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் பயம் போய்விடும். கேபிளில் வேலை செய்பவை மூன்றே கம்பிகள். ஒன்று பொதுக் கம்பி. இரண்டாவது அதைத் தொட்டால் பாதி அழுத்தம், அதாவது போகஸ். மூன்றாவது தொட்டால் முழு அழுத்தம், ஷட்டர் விழும். ரிமோட் கேமராவுக்கு மின்சாரம் அனுப்புவதில்லை, கம்பிகளைச் சேர்த்துப் பிரிக்கிறது, அவ்வளவுதான். பேட்டரி அதன் கடிகாரத்துக்கும் திரைக்கும் மட்டும். மலிவு ரிமோட்டில் கெடுவது பெரும்பாலும் பிளக் பக்கத்துக் கேபிள்தான். கம்பியைப் பிடித்து இழுக்காமல் பிளக்கைப் பிடித்துக் கழற்றுங்கள்.

இதை மனதில் வையுங்கள்: உங்கள் விரல் செய்வதைத்தான் ரிமோட் செய்கிறது. ஷட்டர் வேகம் என்ன, மெமரி கார்டில் இடம் இருக்கிறதா, படம் உண்மையிலேயே விழுந்ததா, எதுவும் அதற்குத் தெரியாது. கீழே வரும் கோளாறுகளில் பாதி இதிலிருந்துதான் வருகின்றன.

கேள்வி: திரையில் டிலே, லாங், இன்டர்வெல், என் என்று நான்கு இருக்கின்றன. லாங் மட்டும் புரியவே இல்லை. 10 நொடி வைத்தாலும் கேமரா 1/60 நொடியிலேயே எடுக்கிறது.

பதில்: டிலே என்றால் முதல் படத்துக்கு முன் காத்திருக்கும் நேரம். இன்டர்வெல் என்பது படத்துக்குப் படம் உள்ள இடைவெளி. என் என்பது எத்தனை படம். பல ரிமோட்டுகளில் அதை "--" என்று வைத்தால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடும்.

லாங் என்பது பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது. கேமரா பல்ப் மோடில், அதாவது பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் மோடில் இருந்தால்தான் அந்த நேரம் எக்ஸ்போஷராக (வெளிச்சம் உள்ளே விழும் நேரமாக) மாறும். நீங்கள் எம் மோடில் (எல்லாவற்றையும் நாமே கையால் வைக்கும் மோடு) 1/60 வைத்திருந்தால், ரிமோட் பத்து நொடி பிடித்துக்கொண்டிருந்தாலும் கேமரா தன் 1/60-ஐ எடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். எம் மோடில் எடுக்கும்போது லாங்கை 1 நொடியில் விட்டுவிடுங்கள்.

கேள்வி: நட்சத்திரங்கள் நகரும் தடம் கோடாகத் தெரிய, பல படங்களைச் சேர்த்துச் செய்யும் நட்சத்திரக் கோடுகளுக்காக எம் மோடில் 30 நொடி, இன்டர்வெல் 31 நொடி வைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். 110 படத்துக்கு மேல் வர வேண்டும், பாதிதான் வந்தது. கார்டு கோளாறா?

பதில்: கார்டு இல்லை. இரண்டு காரணங்களில் ஒன்று, அல்லது இரண்டும்.

முதலாவது, கேமராவில் 30 என்று எழுதியிருந்தாலும் பல கேமராக்கள் உண்மையில் 32 நொடி திறந்திருக்கும். ஷட்டர் வேகங்கள் இரட்டித்து இரட்டித்துப் போகின்றன: 1, 2, 4, 8, 16, 32. திரையில் மட்டும் 15, 30 என்று சுருக்கிக் காட்டுகிறார்கள். ரிமோட் 31-வது நொடியில் அழுத்துகிறது, கேமரா இன்னும் முந்தைய படத்தில் இருக்கிறது, அந்த அழுத்தம் வீண். அடுத்த அழுத்தம் 62-வது நொடியில்தான். அதனால் ஒன்று விட்டு ஒன்று. இன்டர்வெல்லை 34 ஆக்கிப் பாருங்கள்.

இரண்டாவது, லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன், அதாவது நீண்ட நேரப் படங்களில் விழும் தேவையற்ற புள்ளிகளைக் குறைக்கும் வசதி. அது ஆனில் இருந்தால், ஒவ்வொரு 30 நொடிப் படத்துக்குப் பிறகும் ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு 30 நொடி கேமரா இருட்டுப் படம் எடுக்கும். நட்சத்திரக் கோடு எடுக்கும்போது அதை அணைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் கோடுகள் புள்ளி புள்ளியாக வரும்.

இன்னொன்று: சில ரிமோட்டுகள் இன்டர்வெல்லை ஒரு படத்தின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை எண்ணும். சில, ஒன்று முடிந்த பிறகு எண்ணத் தொடங்கும். கையேட்டை நம்பாதீர்கள். பல்ப் மோடில் லாங் 5, இன்டர்வெல் 10 வைத்து, கையில் கடிகாரத்தோடு வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

அதே நண்பர்: இவ்வளவு கணக்கு இல்லாமல் வழி இல்லையா?

பதில்: இருக்கிறது! 30 நொடி ஷட்டர், தொடர் படப்பிடிப்பு மோடு, ரிமோட் பொத்தானை அழுத்தி மேலே தள்ளிப் பூட்டிவிடுங்கள். கேமரா தானே ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டே போகும். டைமர் எதுவும் தேவையில்லை. நானே நட்சத்திரக் கோடுகளுக்கு இப்படித்தான் செய்கிறேன்.

கேள்வி: மதுரைக்காரன் சார். துருவ நட்சத்திரத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக வரும் படம் நம் ஊரில் எடுக்க முடியுமா?

பதில்: முழு வட்டம் கஷ்டம். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து உங்கள் அட்சரேகை அளவுக்குத்தான் உயரும். மதுரையில் அது ஏறத்தாழ 10 டிகிரி, கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அந்த அகலம். அவ்வளவு தாழ்வில் புகையும் ஊர் வெளிச்சமும் அதை விழுங்கிவிடும். வடக்கே வெட்டவெளியோ ஏரியோ இருக்கும் இடம் கிடைத்தால் அரை வட்டங்கள் அழகாக வரும். வானம் மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது, ஆகவே இரண்டு மணி நேரம் எடுத்தால் ஒவ்வொரு கோடும் 30 டிகிரி வில். கிழக்கே திருப்பினால் கோடுகள் கிட்டத்தட்ட செங்குத்தாக எழும். அது நம் தெற்கத்தி வானத்துக்கே உரிய அழகு, வடநாட்டுக்காரர்களுக்கு இந்த அளவுக்குக் கிடைக்காது.

கேள்வி: 2025 செப்டம்பர் 7 இரவு சந்திர கிரகணத்தை ரிமோட் போட்டு எடுத்தேன். ஆரம்பத்தில் நிலா நன்றாக வந்தது, முழுக் கிரகணத்தில் எல்லாம் கறுப்பு. கடைசியில் நிலாவே பிரேமில் இல்லை.

பதில்: ரிமோட்டுக்கு ஷட்டர் வேகம் தெரியாது என்றேன் அல்லவா, எக்ஸ்போஷரையும் அது மாற்றாது, அதுதான் நடந்திருக்கிறது. முழு நிலாவுக்கு ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப்/8 (லென்ஸ் துளையின் அளவு), 1/125 நொடி போதும். அன்று இரவு 11 மணியிலிருந்து சுமார் 82 நிமிடம் நிலா சிவந்து கிடந்தது. அந்த நேரத்தில் ஐஎஸ்ஓ 1600, எஃப்/5.6, ஒரு நொடி என்று போக வேண்டியிருக்கும். ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம். சில நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்தில் நின்று நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

பிரேமை விட்டுப் போனதும் இயல்பு. நிலா தன் அகல அளவு தூரத்தை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராவில் 300 மி.மீ. லென்ஸ் என்றால், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போக இருபது நிமிடம்கூட ஆகாது. அடுத்த கிரகணத்துக்கு அகல லென்ஸ் வைத்து, 5 நிமிட இடைவெளியில் எடுத்து, எல்லா நிலாக்களையும் ஒரே படத்தில் கோத்துப் பாருங்கள்.

கேள்வி: சூரிய அஸ்தமன டைம்லாப்ஸ் (இடைவெளி விட்டு எடுத்த படங்களைக் கோத்த வீடியோ) மினுக்கு மினுக்கு என்று வருகிறது.

பதில்: ஆட்டோ எதையும் விட்டுவைக்காதீர்கள்: எம் மோடு, ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) நிலையாக, போகஸ் கையால். ஆட்டோ போகஸ் இருந்தால் இருட்டத் தொடங்கியதும் லென்ஸ் தேடிக்கொண்டே இருக்கும், சில படங்கள் விழவே விழாது. இதற்குப் பிறகும் லேசாக மினுக்கினால் லென்ஸின் துளை ஒவ்வொரு முறையும் மிக நுண்ணிய அளவில் மாறி மூடுகிறது என்று அர்த்தம். முழுத் திறப்பில் எடுத்தால் அது நின்றுவிடும். கணக்கு கேட்டவர்களுக்கு: நொடிக்கு 25 பிரேம் என்றால் 10 நொடி வீடியோவுக்கு 250 படம், 5 நொடி இடைவெளியில் 21 நிமிடம்.

கேள்வி: அருவிக்கு 10 ஸ்டாப் என்டி பில்டர் (வெளிச்சத்தைப் பத்து முறை பாதியாக்கும் இருட்டுக் கண்ணாடி) வாங்கினேன். லாங் எவ்வளவு வைப்பது?

பதில்: பில்டர் இல்லாமல் ஷட்டர் வேகத்தை அளந்து 1024-ஆல் பெருக்குங்கள். 1/15 என்றால் சுமார் 68 நொடி. பல்ப் மோடு, லாங் 1 நிமிடம் 8 நொடி, என் 1. டிஎஸ்எல்ஆர் என்றால் வியூபைண்டரை (கண் வைத்துப் பார்க்கும் துளையை) மூடுங்கள். இல்லையென்றால் பின்னாலிருந்து வெளிச்சம் புகுந்து படத்தில் வெளிறிய பட்டை விழும். கறுப்புத் துணி போதும்.

கேள்வி: தீபாவளி வாணவேடிக்கைக்கு இன்டர்வெல் எவ்வளவு?

பதில்: இன்டர்வெல் வேண்டவே வேண்டாம். பல்ப், ஐஎஸ்ஓ 100, எஃப்/11. வெடி மேலே ஏறும்போது பொத்தானை அழுத்துங்கள், விரிந்து அடங்கியதும் விடுங்கள். கண் பார்க்கட்டும், விரல் செய்யட்டும்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் ரிமோட் பேட்டரி செத்துக் கிடக்கிறது.

பதில்: பல ரிமோட்டுகளுக்கு ஆஃப் சுவிட்சே கிடையாது. வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிப் பையில் போடுங்கள்.

கேள்வி: என் டி5600-இலேயே இன்டர்வெல் டைமர் இருக்கிறது. ரிமோட் வாங்க வேண்டுமா?

பதில்: 30 நொடிக்குள் எடுக்கும் டைம்லாப்ஸுக்கு வேண்டாம், மெனுவே போதும். 30 நொடிக்கு மேல் பல்பில் குறிப்பிட்ட நேரம் திறந்து வைக்க வேண்டும் என்றால், அல்லது தொடாமல் அழுத்த வேண்டும் என்றால் வாங்குங்கள். டிசி2 பிளக் என்று கடையில் சொல்ல மறக்காதீர்கள்.