தூரத்தில் இருப்பவர்களிடம் கேளுங்கள்

வணக்கம் ஐயா,

எனக்கு வேடசந்தூர் பக்கம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் ஆறு வருடம் இருந்தேன். ஆர்டர் குறைந்ததால் எங்கள் லைனை மூடிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பி எட்டு மாதம் ஆகிறது. நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் கண்ணில் படும் வேலைக்கெல்லாம் விண்ணப்பம் போடுகிறேன். பெரும்பாலும் பதிலே வருவதில்லை. டெலிகிராமில் ஒருவர் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை இருக்கிறது, முன்பணம் கட்டு என்கிறார்.

என்னோடு வேலை இழந்த நான்கு பேரும் நானும் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். அதில் ஒருவர் புதிதாக ஒன்று சொல்கிறார். விண்ணப்பம் போடுவதைக் குறைத்துக்கொள்வோம். வேலை தொடர்பான அறிமுகங்களுக்கான லிங்க்ட்இன் தளத்தில் நம் துறைக்காரர்களுக்கு எழுதுவோம். வேலை கேட்க வேண்டாம், பதினைந்து நிமிடம் பேசலாமா என்று மட்டும் கேட்போம். தெரிந்துகொண்டதை ஐந்து பேரும் பகிர்ந்துகொள்வோம். மற்றவர்கள் சரி என்றுவிட்டார்கள். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. முகம் தெரியாதவர் முன்னால் போய் நிற்பது கூச்சமாக இருக்கிறது. சிபாரிசில் கிடைக்கும் வேலை நிலைக்காது என்று சொல்லியே அப்பா எங்களை வளர்த்தார். ஆங்கிலமும் எனக்குச் சரளமாக வராது. இதனால் உண்மையில் பலன் உண்டா?

கா.

அன்புள்ள கா.,

உங்கள் நண்பர் சொல்வது சரி. தயங்காமல் செய்யுங்கள். ஆனால் அவர் சொன்ன விதத்தில் ஒரு திருத்தம் தேவை. அது ஏன் என்று புரிய, இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் நியூட்டன் என்று ஒரு ஊர். அங்கே சமீபத்தில் வேலை மாறியவர்களிடம் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர், இந்த வேலை இருப்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று விசாரித்தார். பாதிக்கும் மேற்பட்டவர்கள் தெரிந்த ஆள் மூலமாகத்தான் என்றார்கள். இது நாம் எதிர்பார்ப்பதுதான். அவர் அடுத்து ஒன்று கேட்டார்: அந்த ஆளை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்ப்பவர் என்று சொன்னவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான். எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் 56 பேர். வருடத்துக்கு ஒரு தடவையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர் என்றவர்கள் 28 பேர். இதை அவர் 1973இல் வெளியிட்டார். உறவுகளைப் பற்றிய சமூகவியலில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட கட்டுரைகளில் அது ஒன்று.

காரணம் எளிது. நெருங்கிய நண்பர்கள் நம்மீது அக்கறையோடு இருப்பார்கள், நமக்காக ஓடுவார்கள். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது ஏற்கெனவே நமக்கும் தெரிந்திருக்கும். உங்கள் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரும் ஒரே லைனில் நின்றவர்கள். ஒரே எச்.ஆர். எண்கள், ஒரே கம்பெனிப் பெயர்கள்தான் ஐவர் கையிலும் இருக்கும். புதுச் செய்தி வேண்டுமென்றால், நாம் போகாத இடங்களுக்குப் போய்வருகிற ஒருவரிடமிருந்துதான் அது வரும்.

2022இல் இதே விஷயத்தை லிங்க்ட்இன்னிலேயே பெரிய அளவில் சோதித்த ஆய்வு ஒன்று ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. இவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கலாம் என்று அந்தத் தளம் சில முகங்களைக் காட்டுமே, அந்தப் பரிந்துரையை ஆளுக்கு ஒரு விதமாக மாற்றி, ஐந்து வருடங்களில் 2 கோடிப் பேர் எப்படி வேலை மாறினார்கள் என்று பார்த்தார்கள். பயனர்களுக்குத் தெரியாமலே இதைச் செய்தது சரியா என்று அப்போது கேள்வி எழுந்தது. எனக்கும் அது உறுத்தலாகவே இருக்கிறது. ஆனால் கிடைத்த விடை உங்களுக்கு உதவும். நெருங்கியவரைவிட அறிமுகக்காரர் அதிகம் உதவுகிறார். அதற்காக, எந்தத் தொடர்பும் இல்லாத அந்நியர் இன்னும் அதிகமாக உதவுவார் என்று அர்த்தமில்லை. பத்துப் பேர் அளவுக்குப் பொதுவான நண்பர்கள் இருக்கிற, நடுத்தரமான பழக்கம்தான் அதிகம் பலன் தருகிறது. கணினியும் மென்பொருளும் மிகுந்த துறைகளில் தூரத்துப் பழக்கம் கூடுதலாக உதவுகிறது, அவை குறைந்த துறைகளில் நெருங்கிய பழக்கம் கூடுதலாக உதவுகிறது என்பதும் அதில் தெரிந்தது.

நான் சொன்ன திருத்தம் இங்கேதான் வருகிறது. லிங்க்ட்இன்னில் முகம் தெரியாத மேலாளர்களுக்கு எழுதுவதை முதல் படியாக வைக்காதீர்கள். ஷாப் ஃப்ளோரில் ஆறு வருடம் நின்ற உங்களிடம் அதைவிட மதிப்புள்ள தொடர்புகள் இருக்கின்றன. அவற்றைத் தொடர்பு என்றே நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள்.

உங்கள் மைக்ரோமீட்டர், வெர்னியர், கேஜ் என்று அளக்கும் கருவிகள் எல்லாவற்றையும் காலிப்ரேஷனுக்கு, அதாவது சரியாக அளக்கின்றனவா என்று சோதிக்க, எடுத்துப்போக ஒருவர் வருவார் இல்லையா? அவர் உங்கள் கம்பெனிக்கு மட்டும் போகிறவர் அல்ல. எந்தத் தொழிற்சாலையில் புதிதாகக் கருவிகள் வாங்குகிறார்கள், எங்கே புதிதாக ஒரு அளவீட்டு அறை கட்டுகிறார்கள் என்பது விளம்பரம் வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். பாகங்களைத் துல்லியமாக அளக்கும் சிஎம்எம் இயந்திரத்துக்குச் சர்வீஸ் செய்ய வந்த இன்ஜினியரை நினைத்துப் பாருங்கள். இயந்திரம் வாங்கிப் போட்டுவிட்டு ஓட்ட ஆள் இல்லாமல் திணறுகிற இடங்கள் அவருக்குத் தெரியும். வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வந்து உங்களைக் குடைந்தெடுத்த சப்ளையர் குவாலிட்டி இன்ஜினியர் பாகங்கள் செய்து கொடுக்கும் பத்து, பதினைந்து கம்பெனிகளை, அதாவது வெண்டார்களைப் பார்த்துக்கொள்கிறவர். எந்த வெண்டாரிடம் குவாலிட்டி ஆள் பற்றாமல் ரிஜெக்‌ஷன் ஏறுகிறது என்பது அவருக்கு அத்துப்படி. நீங்கள் ரிப்போர்ட்டை ஒழுங்காக வைத்திருப்பவர் என்பதையும் அவர் நேரில் பார்த்திருக்கிறார். இவர்கள் எண்களெல்லாம் உங்கள் போனில் இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். லிங்க்ட்இன் இரண்டாவதாக வரட்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், கோவையில் பம்ப் செய்யும் இடத்தில் உங்களைப் போலவே குவாலிட்டியில் இருந்தவர், இப்படித்தான் நகர்ந்தார். காலிப்ரேஷனுக்கு வந்துபோகும் பெரியவரிடம், அண்ணா, வேறெங்கெல்லாம் புதிதாக லேப் போடுகிறார்கள் என்று கேட்டார். அவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு இடத்தைச் சொன்னார். அங்கே வேலை பார்ப்பவர் யார் என்று லிங்க்ட்இன்னில் தேடி எழுதியது அதற்குப் பிறகு. விளம்பரம் வந்தபோது இவரது விவரம் ஏற்கெனவே அவர்கள் மேசையில் இருந்தது. நேர்காணல் மற்றவர்களுக்கு நடந்த மாதிரியே இவருக்கும் நடந்தது.

சரி, என்ன எழுதுவது? சுருக்கமாக எழுதுங்கள். இப்படி இருக்கலாம்: “வணக்கம் சார். நான் இன்ன கம்பெனியில் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவன், இன்ன ஆடிட்டில் சந்தித்திருக்கிறோம். மின்வாகன உதிரிபாகங்களில் குவாலிட்டி வேலை எப்படி மாறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இந்த வாரம் பதினைந்து நிமிடம் பேச முடியுமா?” இவ்வளவு போதும். முதல் செய்தியிலேயே பயோடேட்டாவை இணைக்காதீர்கள். ‘ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்’ என்று கேட்டால் எதிரில் இருப்பவருக்கு இருக்கிறது, இல்லை என்ற இரண்டே பதில்கள்தான். பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும், பேச்சும் அதோடு முடிந்துவிடும். தொழிலைப் பற்றிக் கேட்டால் அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். தன் வேலையைப் பற்றி அக்கறையோடு யாராவது கேட்டால் பேசாதவர்கள் குறைவு.

பேசும்போது உண்மையாகவே தெரிந்துகொள்ளப் பேசுங்கள். ஓசூரில் டிவிஎஸ், ஏத்தர், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா என்று உங்கள் பழைய இடத்தைச் சுற்றியே மின்வாகனத் தொழில் வளர்ந்திருக்கிறது. மோட்டார் ஹவுசிங்கிலும் பேட்டரி உறையிலும் என்ன பரிசோதிக்கிறார்கள், பழைய இன்ஜின் பாகம் பார்த்தவனுக்கு அதில் என்ன குறைகிறது, அதை எங்கே கற்கலாம் என்று கேளுங்கள். கடைசியில் மறக்காமல் கேட்க வேண்டியது: “நான் இன்னும் யாரிடம் பேசினால் நல்லது சார்?” அவர் சொல்லும் அடுத்த பெயருக்குத்தான் உண்மையான மதிப்பு. அந்த இரண்டாவது ஆள் உங்கள் ஐவருக்குமே தெரியாதவராக இருப்பார். அன்றைக்கே நன்றி சொல்லுங்கள். அவர் சொன்னதைச் செய்து பார்த்திருந்தால் அதையும் ஒரு மாதம் கழித்துத் தெரிவியுங்கள். பதில் போடாதவரை ஒரு தடவை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தமிழில் பேசினால் புரியாதவர்கள் குறைவு. தமிழ் தெரியாதவருக்கு மூன்று எளிய வரிகள் போதும், நண்பர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளலாம். ஆனால் லிங்க்ட்இன் பக்கம் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஆள் எடுப்பவர்கள் சொற்களைப் போட்டுத்தான் தேடுகிறார்கள். கடின உழைப்பாளி, குழுவாக இயங்குபவன் என்று எழுதினால் யார் தேடலிலும் வராது. சிஎம்எம், பிபிஏபி, எம்எஸ்ஏ, எஸ்பிசி, ஐஏடிஎஃப் 16949 என்று நீங்கள் கையாண்ட இயந்திரம், தரப் பரிசோதனை முறை, தர நெறி எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

இனி உங்கள் கூச்சம். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தகுதி இல்லாத ஒருவனை, தகுதி உள்ள இன்னொருவனின் இடத்தில் உட்கார வைப்பதைப் பார்த்துத்தான் உங்கள் அப்பா அப்படிச் சொல்லியிருப்பார். அதை அவர் வெறுத்தது நியாயம். நீங்கள் செய்யப்போவது அது இல்லை. பல கம்பெனிகளில் ஊழியர் ஒருவர் தெரிந்தவரின் விவரத்தை உள்ளே பதிவு செய்யலாம், அவர் சேர்ந்து சில மாதம் நிலைத்தால் ஊழியருக்கு ஊக்கத்தொகைகூட உண்டு. அதனால் கிடைப்பது ஒன்றுதான்: குவியலில் கிடக்கும் உங்கள் விவரத்தை ஒருவர் எடுத்துப் படிப்பார். தேர்வு, நேர்காணல் எல்லாம் அதற்குப் பிறகும் அப்படியே இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஆட்கள் மூலம் வேலை தேடுவது புதிது இல்லை. சென்னையிலும் பெங்களூரிலும் சித்தப்பா, மாமா இருக்கிற குடும்பங்கள் கல்யாண மண்டபத்துப் பந்தியிலேயே அதைச் செய்துவிடுகின்றன. அவர்களுக்கு இதில் ஒரு கூச்சமும் கிடையாது. அந்த வலை பெரும்பாலும் சாதியும் உறவும் சேர்ந்து பின்னியது. உள்ளே இருப்பவனுக்கு அது வேலை தரும், சில சமயம் ஒரே மாதிரி வேலையில் கட்டியும் போடும். மும்பை தாதர் பகுதிப் பள்ளிகளை வைத்து கைவன் முன்ஷியும் மார்க் ரோசென்ஸ்வைக்கும் செய்த ஆய்வு 2006இல் வந்தது. ஒடுக்கப்பட்ட சாதிகளின் ஆண் பிள்ளைகளுக்கு, சாதித் தொடர்பு வழியாக ஆலை வேலையும் உடலுழைப்பு வேலையும் கிடைத்துவந்தன. அதனாலேயே அவர்கள் மராத்தி வழிப் பள்ளிகளில் தங்கினார்கள். அந்த வலைக்கு வெளியே இருந்த பெண் பிள்ளைகள் அவர்களைவிட வேகமாக ஆங்கில வழிக்கு மாறினார்கள். மாமா இல்லாதவருக்கும் சரி, மாமா காட்டிய வேலையைத் தாண்டிப் போக நினைப்பவருக்கும் சரி, உறவுக்கு வெளியே ஒரு வலை தேவை. நம் வீடுகளில் முதலில் படித்து வெளியே வந்தவர்களுக்கு இது மற்ற எல்லோரையும்விட அதிகமாகத் தேவை. அவர்கள்தான் கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

தாய்லாந்துக்காரரின் எண்ணை உடனே தடுத்துவிடுங்கள். 2022இல் இதே மாதிரி தாய்லாந்து வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கொண்டுபோய் இணைய மோசடி வேலை செய்ய வைத்தார்கள். அரசு தலையிட்டுத்தான் மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது. வெளிநாட்டு வேலை என்று யார் சொன்னாலும், மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் அந்த முகவர் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். வேலை தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் பேச்சே வேண்டாம். உங்கள் ஐவரில் யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை உடனே அழைக்கச் சொல்லுங்கள். தாமதம் ஆக ஆகப் பணத்தை முடக்கி வைப்பது கடினமாகிவிடும்.

விண்ணப்பம் போடுவதை முழுக்க நிறுத்திவிடாதீர்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்கும் போங்கள். பயோடேட்டாவைக் கொடுத்துவிட்டு நகராமல், மேசைக்குப் பின்னால் இருப்பவரிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள்.

அப்புறம் உங்கள் குழு. ஐந்து பேரும் ஒரே ஆட்களுக்கு எழுதினால் இந்த முறையின் பயனே போய்விடும். திசையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் மின்வாகனப் பக்கம் போகட்டும், ஒருவர் காற்றாலை கியர்பாக்ஸ், ஒருவர் மருத்துவக் கருவிகள், ஒருவர் எலக்ட்ரானிக்ஸ், ஒருவர் மூன்றாம் தரப்பு ஆய்வு நிறுவனங்கள். வாரம் ஒரு நாள் குழுவில் உட்கார்ந்து, யார் யாரிடம் பேசினீர்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள். இன்னொரு ஒப்பந்தமும் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள்: முதலில் வேலை கிடைப்பவர் குழுவை விட்டுப் போகக் கூடாது. புது இடத்தில் யார் என்ன இயந்திரம் வாங்குகிறார்கள், எந்த ஷிஃப்டுக்கு ஆள் பற்றவில்லை என்பதெல்லாம் அன்றிலிருந்து அவர் வழியாகத்தான் மற்ற நால்வருக்கும் தெரியவரும்.