வேடந்தாங்கலுக்கு எந்த லென்ஸ்?

கேள்வி: என்னிடம் நிக்கான் டி7500 இருக்கிறது. சீசனில் வாரம் தவறாமல் வேடந்தாங்கல் போவேன். 200-500 எம்எம் ஜூம் லென்ஸ் வாங்குவதா, இன்னும் பணம் சேர்த்து 500 பிஎஃப் பிரைம் (ஜூம் இல்லாமல் 500 எம்எம்-ல் மட்டும் எடுக்கும், எடை குறைந்த லென்ஸ்) வாங்குவதா?
- ஒரு வாசகர், மதுராந்தகம்

பதில்: இப்போதைக்கு ஜூமையே வாங்குங்கள். இரண்டையும் அந்த ஏரிக்கரையில் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தவள் என்பதால் சொல்கிறேன்.

பிரைம் என்றாலே வெளிச்சம் கூடுதலாக வாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த ஜோடிக்கு அது பொருந்தாது. இரண்டின் அதிகபட்சத் திறப்பும் எஃப்5.6தான், அதாவது வாங்கும் வெளிச்சம் ஒன்றுதான். எடையில்தான் பெரிய வித்தியாசம்: ஜூம் 2.3 கிலோ, பிரைம் 1.46 கிலோ. கூழைக்கடா எப்போது இறங்கும் என்று கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் பத்து நிமிடம் நின்றால், அந்த எண்ணூறு சொச்சம் கிராம் எவ்வளவு என்று தோளுக்குத் தெரியும். ஃபோகஸும் பிரைமில் சட்டென்று பிடிக்கும்.

அப்புறம் ஏன் ஜூம்? போன ஜனவரியில் ஒரு நாள், காலை ஏழு மணி இருக்கும். மஞ்சள் மூக்கு நாரை ஒன்று அலகில் சுள்ளியோடு கடப்ப மரத்துக் கூட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. என் கையில் பிரைம். வ்யூஃபைண்டரில் முதலில் பறவையே அகப்படவில்லை, வெறும் வானம். அகப்பட்டபோது தலைக்கு மேலேயே வந்துவிட்டது. எடுத்த பன்னிரண்டு படத்திலும் ஏதாவது ஒரு இறக்கை நுனி வெட்டுப்பட்டிருக்கிறது. சுள்ளி மட்டும் அவ்வளவு தெளிவு, பட்டை உரிந்திருப்பதுகூடத் தெரிகிறது. ஜூமாக இருந்திருந்தால் 200-ல் பறவையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நெருங்கியிருப்பேன். உங்கள் டி7500-ல் சென்சார் சின்னது என்பதால் 500 என்பது 750 போல நெருக்கிக் காட்டும், தேடுவது இன்னும் சிரமம்.

ஜூமிலும் ஒரு சிரமம் உண்டு: 200-லிருந்து 500-க்கு ஒரே திருப்பில் போக முடியாது, கையை மாற்றிப் பிடிக்க வேண்டும். பழகிவிடும்.

ஒரு சீசன் முடிந்ததும் உங்களுக்குப் பிடித்த நூறு படங்களை எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை எம்எம்-ல் எடுத்தது என்று பாருங்கள். கூடுகள் தண்ணீருக்கு நடுவே இருப்பதால் பெரும்பாலும் 500 என்றே வரலாம். அப்படி வந்தால் தயங்காமல் பிரைமுக்கு மாறுங்கள்.

இன்னொன்று, வெயில் ஏறித் தண்ணீர்மேல் கானல் ஆடத் தொடங்கினால் எந்த லென்ஸிலும் இறகு தெளிவாக வராது. புது லென்ஸைச் சோதிக்கும் நாளில் விடிந்ததுமே கரைக்கு வந்துவிடுங்கள்.