சார்ஜரை விடுங்கள், ஹீட்டரைப் பாருங்கள்

கேள்வி: கார்பன் தடத்தை, அதாவது பூமியைச் சூடாக்கும் வாயுக்கள் நம்மால் வெளியேறும் அளவை, குறைக்க ஆறு மாதமாக முயற்சி செய்கிறேன். படுக்கும் முன் சார்ஜர்களையெல்லாம் கழற்றி வைக்கிறேன், கடைக்குப் போனால் துணிப்பைதான். இதனால் ஏதாவது பலன் உண்டா? வீட்டுக்காரரும் பிள்ளைகளும் கிண்டல் செய்கிறார்கள்.

பதில்: கிண்டலை விடுங்கள், ஆனால் நீங்கள் சில்லறையை எண்ணிக்கொண்டு நோட்டுக்கட்டைக் கோட்டை விடுகிறீர்கள். வீட்டில் எது சூடாக்குகிறதோ, எது குளிரவைக்கிறதோ, எது நம்மைச் சுமந்துகொண்டு ஓடுகிறதோ அங்கேதான் கணக்கு இருக்கிறது. சும்மா செருகிக் கிடக்கும் சார்ஜர் இழுக்கிற மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்ற அளவுதான். ஒரு வாளி, அதாவது 15 லிட்டர் தண்ணீரின் சூட்டை 25 டிகிரி ஏற்றினால் கிட்டத்தட்ட அரை யூனிட் போய்விடும், அதில் ஒரு செல்போனை 20 தடவைக்கு மேல் முழுசாக சார்ஜ் செய்யலாம்!

அப்புறம் வண்டி. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான், எரிந்தால் வருவதோ சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. எனக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை. பெட்ரோலில் உள்ள கார்பன், எரியும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது, 12 கிராம் கார்பனுக்கு 32 கிராம் ஆக்சிஜன் என்ற கணக்கில், அதனால்தான் எடை இப்படி ஏறுகிறது. பத்து நிமிஷம் நடந்தால் போய்விடக்கூடிய இடத்துக்கு வண்டியை எடுப்பவர் உங்கள் வீட்டில் யார் என்று பாருங்கள் (கிண்டல் செய்பவராகவே இருக்கலாம்). விமானத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நீங்கள் வருஷம் முழுக்க மிச்சம் பிடித்ததை ஒரே நீண்ட பயணம் விழுங்கிவிடும்.

துணிப்பை நல்லதுதான், இருப்பதையே நைந்து போகும்வரை பயன்படுத்தினால். பருத்தி விளைந்து, நெய்து, பையாகி வருவதற்குள் ஏகப்பட்ட தண்ணீரும் எரிபொருளும் செலவாகிறது. போகிற இடமெல்லாம் புதுப்பை வாங்கி அலமாரியில் அடுக்கினால், கார்பன் கணக்கில் மெல்லிய பிளாஸ்டிக் பையே தேவலை என்றாகிவிடும்.

மிச்சமான சாப்பாட்டைக் குப்பையில் கொட்டாதீர்கள். குப்பை மேட்டுக்கு அடியில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வரும், அது கார்பன் டை ஆக்சைடை விடப் பல மடங்கு பொல்லாதது.

சரி, வீட்டில் நம்பவில்லையா? அவர்களை மின்சார மீட்டர் முன்னால் நிறுத்துங்கள். டிஜிட்டல் மீட்டர் என்றால் அதில் ஒரு குட்டி விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். முதலில் சார்ஜரைச் செருகுங்கள், பிறகு ஹீட்டரைப் போடுங்கள். எப்போது படபடவென்று மினுக்குகிறது என்று அவர்களே சொல்லட்டும்.