உண்ணிச்செடியில் ஒரு யானை

கேள்வி: இரும்புக் கம்பியும் காட்டுக் குச்சியும் வைத்து நிஜ அளவில் யானை செய்ய முடியுமா? சீக்கிரம் உளுத்துவிடாதா?

பதில்: தாராளமாக முடியும். நீலகிரியில் கூடலூர் பக்கம் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் பழங்குடி மக்கள் செய்த யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்கள் வரை போய் நின்றன. முதலில் கம்பியை வளைத்து, பற்றவைத்து, எலும்புக்கூடு மாதிரி ஒரு சட்டம். அப்புறம் உண்ணிச்செடி (லாண்டானா) குச்சிகளை வேகவைத்து, பட்டையை உரித்து, ஈரம் காய்வதற்குள் வளைத்து, சதையும் சுருக்கமும் ஓடுகிற திசையிலேயே நெருக்கமாகப் பொருத்திக்கொண்டே வர வேண்டும், இங்கேதான் யானைக்கு உயிர் வருகிறது, அவசரப்படாதீர்கள். உளுத்துப்போகும் பயமும் வேண்டாம், உண்ணிக் கட்டையைக் கரையான் எளிதில் அண்டாது. புல்லை முளைக்கவிடாமல் யானையின் தீவனத்தையே அழிக்கும் அந்நியச் செடி இது, வெட்டினால் காட்டுக்கு நல்லதுதான். ஆனால் வனத்துறையிடம் அனுமதி வாங்கிவிட்டு வெட்டுங்கள்.