முதலில் கழுவினீர்களா? செடிச்சாற்றில் செய்யும் வெள்ளி, தங்க நானோதுகள்களும் புற்றுநோயும்: வாசகர் கேள்விகள்

கே: இலைச்சாற்றில் வெள்ளி நைட்ரேட் விட்டேன். பத்து நிமிடத்தில் பழுப்பாகிவிட்டது. நானோதுகள் கிடைத்துவிட்டது என்று எழுதலாமா?

ப: நிறம் வெறும் துப்புதான். எந்த அலைநீள ஒளியைத் துகள் விழுங்குகிறது என்று காட்டும் யூவி கருவியில், வெள்ளிக்கு 400-450 நானோமீட்டர் பக்கம் முகடு வர வேண்டும், தங்கத்துக்கு 520 வாக்கில். பிறகு எலெக்ட்ரான் நுண்ணோக்கி. அந்தச் சாறு சும்மா வைத்தாலே கறுக்கும் ரகமா என்று பார்த்தீர்களா?

கே: என் துகள் வேலை செய்யவில்லை. ஏன்?

ப: எந்த உலோகம்? எந்தச் செடி? என்ன அளவு? எந்தச் செல்? ஜோசியம் என் துறை இல்லை.

கே: எம்டிடி சோதனையில் புற்றுசெல்கள் நன்றாக இருப்பதாக வருகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் செத்துக் கிடக்கின்றன. எதை நம்புவது?

ப: கண்ணை நம்புங்கள். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எம்டிடி ஒரு மஞ்சள் உப்பு. உயிருள்ள செல் அதை ஒடுக்கினால், அதாவது அதற்கு எலெக்ட்ரான் கொடுத்தால், ஃபார்மசான் என்ற ஊதாப் பொருளாகும். நீங்கள் அந்தச் செடியைத் தேர்ந்தெடுத்ததே அதிலுள்ள பாலிஃபீனால் என்ற வேதிப்பொருள் தங்க அயனியை ஒடுக்கும் என்பதற்காகத்தானே? தங்கத்துக்கு எலெக்ட்ரான் கொடுத்தது எம்டிடிக்கு மட்டும் கொடுக்காதா? சோதனைத் தட்டில் செல்லே இல்லாத குழியிலும் ஊதா வரும். போதாததற்கு, ஃபார்மசானை அளக்கும் 570 நானோமீட்டருக்குப் பக்கத்திலேயே தங்கமும் ஒளியை விழுங்குகிறது. ஆகவே செல் இல்லாத குழி ஒன்று கட்டாயம் வேண்டும். மதிப்பீட்டுக்கு என் மேசைக்கு வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றில் அது இருப்பதில்லை. கேட்டால் கோபம் வேறு வருகிறது. எதிர்த்திசைப் பிழையும் உண்டு, துகள் கொல்லாததையும் கொன்றதாகக் காட்டும். மையவிலக்கியில் சுழற்றிக் கழுவாவிட்டால் மிச்சமிருக்கும் வெள்ளி அயனியே செல்லைக் கொன்றுவிடும், பெயர் மட்டும் நானோதுகளுக்குப் போகும். கழுவுங்கள். கழுவிய நீரையும் தனியாகச் சோதியுங்கள். சாதாரண செல்லையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே அளவில் செத்தால் அது மருந்தில்லை, விஷம்.

கே: சிடி ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் அயோடினுக்குப் பதில் தங்கம் வைக்கலாமா?

ப: கொள்கையளவில் நல்ல யோசனை. கதிரின் ஆற்றல் 100 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் வாக்கில் இருந்தால், ஒரே எடைக்குத் தங்கம் இரண்டரை மடங்குக்கு மேல் எக்ஸ் கதிரை உறிஞ்சும். அதில் செடிக்குப் பங்கில்லை. செடிச்சாறு தரும் மேற்பூச்சு துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் காக்கிறது, அவ்வளவே. சிக்கல் வெளியேற்றத்தில். ஐந்தாறு நானோமீட்டருக்குக் கீழிருந்தால் சிறுநீரகம் வடிகட்டிவிடும். பெரியவை கல்லீரலிலும் மண்ணீரலிலும் குடியேறிவிடும்.

கே: மேற்பூச்சில் மஞ்சளிலுள்ள குர்குமினை வைத்தால் துகள் நேராகக் கட்டிக்குள் போய்விடுமா?

ப: போகாது. பத்தாண்டு ஆய்வுகளை அலசிய 2016ஆம் ஆண்டு மதிப்பாய்வின்படி, செலுத்திய நானோதுகளில் கட்டியை அடைந்தது நடுமதிப்பாக 0.7 சதவீதம்.

கே: மூலிகைச் சாற்றில் நானோ வெள்ளி செய்திருக்கிறேன். புற்றுநோயில் இருக்கும் அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

ப: கூடாது. வெள்ளி உடம்பில் தங்கி, தோலை நிரந்தரமாக நீலச் சாம்பலாக்கும். நீங்கள் கழுவினீர்களா என்பதும் தெரியவில்லை; கழுவியிருந்தாலும் கூடாது. செடி மருந்துதான் வேண்டுமென்றால் அது மருத்துவமனையிலேயே இருக்கிறது. பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து யூ மரப்பட்டையில் கிடைத்தது. 2005இல் அதை ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தோடு பிணைத்து, சுமார் 130 நானோமீட்டர் துகளாகவே விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். உலோகம் எதுவும் அதில் இல்லை. அப்பா ஏற்கெனவே ஒரு மடக்கு குடித்திருந்தாலும் அவருடைய மருத்துவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.