கறுப்புத் திரையில் பையன் என்ன செய்கிறான்?

போன வாரம் திருமங்கலத்திலிருந்து ஒரு அம்மா தம்பியையும் மகனையும் கூட்டிக்கொண்டு, மகன் படிப்பு பற்றி என்னிடம் யோசனை கேட்க வந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் டிபன் கடை நடத்துகிறார். மகன் மதுரையில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கறுப்புத் திரையில வெள்ளை எழுத்தா ஓடிக்கிட்டே இருக்கு சார். கேம் விளையாடுனாக்கூட எனக்குப் புரியும்" என்றார். ஹேக்கிங்தான் என்று தாய்மாமன் முடிவே கட்டிவிட்டார். அவர் சொல்லும் மருந்து: பி.எஸ்சி.யை நிறுத்திவிட்டு, மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.இ. செயற்கை நுண்ணறிவு. விடுதியோடு 12 லட்சம். இரண்டு லட்சத்துக்கு நகை, மீதிக்கு வங்கிக் கடன்.

அம்மா, அன்றைக்கு உங்கள் பதற்றத்தைப் பார்த்து ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது நேராகவே சொல்கிறேன். அந்த சீட் வேண்டாம்.

பத்து லட்சத்தை 10 சதவீத வட்டியில் 10 ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை 13,200 ரூபாயைத் தாண்டும். படிக்கிற நான்கு வருட வட்டி அதில் சேரவில்லை. இதுவரை பி.எஸ்சி. படித்ததும் வீண். தாய்மாமனுக்குச் சபையில் மாலை மரியாதை உண்டு, மறுக்கவில்லை. "கடனுக்கு ஜாமீன் கையெழுத்து நீங்கள் போடுகிறீர்களா?" என்று கேட்டேன். பேச்சு உடனே வெயிலைப் பற்றிப் போய்விட்டது.

பி.எஸ்சி.க்குப் பிறகு எம்.சி.ஏ., வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. எல்லாம் இருப்பது உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிட்டு, பையன் செய்வது என்ன என்று பார்ப்போம்.

அவன் துழாவிக்கொண்டிருப்பது கர்னலை. கர்னல் என்பது, விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் போன்ற இயங்குதளத்தின் அடுப்படி. மெமரி, டிஸ்க், நெட்வொர்க் எல்லாம் அதன் கை வழியாகத்தான் பரிமாறப்படும். தோசை தாமதம் என்று ஒருவர் சத்தம் போட்டால், குறை மாவிலா, கல்லிலா, பரிமாறுகிறவரிடமா என்று கடையை மூடிவிட்டுத் தேட முடியாது. ஓரமாக நின்று, எந்தத் தட்டு எப்போது கை மாறியது என்று குறிக்க வேண்டும். குறிக்கிற ஆளே வழியை மறித்தால் தோசை இன்னும் தாமதம். இதுதான் ட்ரேசிங், அதிலுள்ள தலைவலியும் இதுதான்.

2008 முதல் லினக்ஸ் கர்னலோடு வரும் எஃப்டிரேஸ் என்ற ட்ரேசிங் கருவி இதற்கு ஒரு அழகான வழி வைத்திருக்கிறது. கர்னலின் சிறு சிறு வேலைத் துண்டுகளான ஃபங்ஷன்களின் தொடக்கத்தில் குறிப்பெடுக்க இடம் விட்டிருக்கும். தேவைப்படாதபோது அந்த இடத்தில் 'ஒன்றும் செய்யாதே' என்ற கட்டளை உட்கார்ந்திருக்கும், வேகம் ஏறக்குறைய குறையாது. குறிப்பேடும் வட்டமானது, நிறைந்ததும் பழைய பக்கத்தின் மேலேயே எழுதும்.

உங்கள் மகன் பிடித்துக்கொண்டிருப்பது எல்டிடிஎன்ஜி என்ற இன்னொரு ட்ரேசிங் கருவி. அதன் மாட்யூல்களை, அதாவது கர்னலில் சேர்க்கிற துண்டுகளை, தனியாகக் கம்பைல் செய்து (எழுதிய கோடை இயந்திரம் ஓட்டுகிற வடிவுக்கு மாற்றி), ஓடுகிற கர்னலில் ஏற்ற வேண்டும். அந்தக் கர்னலில் மாட்யூல் ஏற்றும் வசதி, குறிப்பெடுக்கும் இடங்களான ட்ரேஸ்பாயின்ட் போன்றவை இயக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கர்னலையே மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். உங்கள் வீட்டுப் பழைய லேப்டாப்பில் அதற்கு மணிக்கணக்காகும். ராத்திரி இரண்டு மணி அதனால்தான். இந்த இயந்திரத்தில் இப்போது ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக் கம்பைல் செய்ய 'லோக்கல்மாட்கான்ஃபிக்' என்று ஒரு வழி இருப்பதை அவனே கண்டுபிடித்து, நேரத்தைக் குறைத்திருக்கிறான்.

உங்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு அவனிடம் பேசினேன். "மாட்யூல் ஃபார்மேட் தவறு" என்று இரண்டு நாள் அழவைத்ததாம். கோடில் தப்பில்லை. கர்னல் அப்டேட் ஆகிவிட்டது, இவன் பழைய பதிப்பின் ஹெடர்களை (கர்னலின் அமைப்பைச் சொல்லும் கோப்புகளை) வைத்துக் கம்பைல் செய்திருக்கிறான். நிலம் ஓர் ஊரில், பட்டா வேறு ஊருக்கு. கர்னல் விடுகிற செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜியைப் படித்து அவனே பிடித்தான். இருபது நிமிடம் அதைச் சொன்னான், அம்மா. பி.இ. பற்றிக் கேட்டதற்கு "ம்" என்றான்.

வேலை உண்டா? உண்டு. சிப், கார் எலெக்ட்ரானிக்ஸ், நெட்வொர்க் கருவி, சர்வர் செய்கிற நிறுவனங்களுக்குக் கர்னலுக்குள் இறங்கிப் பார்க்கிற ஆள் தேவை. ஆனால் பெரும்பாலும் பெங்களூரு, ஹைதராபாத், சென்னை. கேம்பஸில் நூறு பேரை அள்ளுகிற வேலை இல்லை. பி.இ. இல்லை என்று விண்ணப்பத்தைத் தள்ளுகிற இடங்களும் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். அதற்கு மாற்று, வெளியில் தெரிகிற வேலைதான். கர்னலில் ஒரு சிறு பிழையைத் திருத்தி அனுப்பி, ஏற்றுக்கொள்ளப்பட்டால், அவன் பெயர் கர்னலின் மாற்றப் பதிவில் நிற்கும், யாரும் திறந்து பார்க்கலாம். திருத்தத்தைப் பார்க்கிறவர் எந்தக் கல்லூரி என்று கேட்பதில்லை. முதல் தடவை திருப்பி அனுப்புவார்கள், சில சமயம் கடுமையாகவே. லினக்ஸ் ஃபவுண்டேஷனின் பயிற்சித் திட்டம் இருக்கிறது. 2005 முதல் நடக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோடு என்ற திட்டம் உதவித்தொகை கொடுத்தே கற்றுத்தருகிறது. இடம் கிடைப்பது கடினம், முயல்வதற்குச் செலவில்லை.

செலவு என்றால் இவ்வளவுதான்: லேப்டாப்பில் ராம் கூட்டுங்கள், எஸ்எஸ்டி போடுங்கள். சோதனையெல்லாம் லேப்டாப்புக்குள்ளேயே ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரியான விர்ச்சுவல் மெஷினில் நடக்கட்டும், கவிழ்ந்தாலும் வீட்டு லேப்டாப் பிழைக்கும். நகையைத் தொடாதீர்கள்.

அவனுக்கும் ஒரு கண்டிப்பு. கணக்கில் ஓர் அரியர் வைத்திருக்கிறான், உங்களிடம் சொல்லவில்லை. நீங்களே சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். இந்த செமஸ்டரில் அதை முடிக்க வேண்டும். என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று தினமும் ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுத வேண்டும். திருத்தத்தோடு அதையும் எழுதாமல் அனுப்ப முடியாது. ரிசல்ட் வந்ததும் கூட்டி வாருங்கள், தம்பியையும்தான்.