வட்டக்கச்சி ஒழுங்கைக்கு எந்த ஸ்போர்ட்ஸ் கார்?

கேள்வி: கிளிநொச்சியில் அரிசி ஆலை வைத்திருக்கிறேன். வீடு வட்டக்கச்சியில். தார் வீதியை விட்டு இறங்கினால் ஒன்றரைக் கிலோமீற்றர் கிரவல் ஒழுங்கை, நடுவில் ஒரு மதகு. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஸ்போர்ட்ஸ் கார் ஆசை. இப்போது கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது. ஏற்கனவே இங்கே பதிவாகி ஓடுகிற மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன்: ரொயோட்டா 86, மஸ்டா ஆர்எக்ஸ்-8, மிட்சுபிஷி லான்சர் ஈவோ 10. வீட்டில் மனைவி, 9 வயதிலும் 5 வயதிலும் பிள்ளைகள், முழங்கால் வருத்தத்தோடு அம்மா. மாதம் ஒருமுறை அம்மாவை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆலை லொறியைத் தவிர வேறு வாகனம் இல்லை. எதை வாங்கலாம்?

பதில்: குதிரைவலு பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதற்கே முதலில் நன்றி சொல்ல வேண்டும். என்னிடம் கேட்டு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அதில்தான் தொடங்குவார்கள்.

வன்னிக்குள் அதிவேக நெடுஞ்சாலை கிடையாது. ஊர்மனைக்குள் 50, வெளியே 70. காருக்குச் சட்டம் தரும் வேகம் அவ்வளவுதான். நீங்கள் எழுதிய மூன்று கார்களுமே இரண்டாம் கியரில் 70ஐத் தாண்டிவிடும். மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் ஏ9 வீதி நூல் பிடித்த மாதிரிக் கிடந்து ஆசை காட்டும்தான். இரவில் மாடு படுத்திருப்பதும் அங்கேதான். தார் சூடு ஆறும்வரை அவை எழும்பாது, ஹோர்ன் அடித்தாலும் காதை மட்டும் ஆட்டும். எந்தக் கார் கூட வேகம் என்ற கணக்கை அதனால் விட்டுவிடுவோம். உங்கள் காரை முடிவுசெய்யப் போவது அந்த ஒன்றரைக் கிலோமீற்றர் ஒழுங்கையும் அதன் நடுவிலுள்ள மதகும்தான்.

இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். சில வருடத்துக்கு முன் தாழ்வான கார் ஒன்று வாங்கினேன். எந்தக் கம்பனி என்பது தேவையில்லை, பிழை என்னுடையது. கொழும்பிலிருந்து வவுனியா வரை வெண்ணெய் மாதிரி வந்தது. மறுநாள் ஒட்டுசுட்டான் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனேன். ஒழுங்கை மதகில் முன்சில்லு ஏறி இறங்கியது, நடுவில் 'கிறீச்' என்றது. இருபது மீற்றர் போய்ப் பின்கண்ணாடியைப் பார்த்தால் புழுதியில் நீளமாகக் கறுப்புக் கோடு. எஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்ச் சட்டி பிளந்துவிட்டது. லேண்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். இழுத்த பெடியன் வழி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

நீங்கள் காரைப் பார்க்கப் போவதற்கு முன் மதகை அளந்துவிடுங்கள். கூரைக்கு அடிக்கிற நேரான சலாகை ஒன்று எடுங்கள். 86இன் முன்சில்லு மையத்திலிருந்து பின்சில்லு மையம் வரை 2,570 மில்லிமீற்றர். வயிற்றுக்கும் நிலத்துக்கும் இடைவெளி 130 மில்லிமீற்றர். சலாகையை 2,570க்கு வெட்டி, இரண்டு முனைக்கும் கீழே 13 சென்ரிமீற்றர் உயரக் கட்டை வைத்து ஆணி அடியுங்கள். அதுதான் உங்கள் கார். அதைத் தூக்கிக்கொண்டு போய் மதகின் மேல், போகும் திசைக்கு நேராக வையுங்கள். அடி அடியாக முன்னே நகர்த்துங்கள். எந்த இடத்திலாவது சலாகையின் நடு நிலத்தில் முட்டினால், கார் அங்கே உரசும். பிறகு கட்டையை 10 சென்ரிமீற்றராகக் குறைத்து இன்னொருமுறை பாருங்கள். நாலு பேர் ஏறி, பின்னுக்கு ஒரு மூட்டை அரிசியும் போட்டால் ஸ்பிரிங் அமரும் அல்லவா, அந்தக் கணக்கு. லொறி ஓடி ஓடி ஒழுங்கையில் இரண்டு தடம் பள்ளமாகவும் நடு மேடாகவும் இருந்தால் அந்த மேட்டின் உயரத்தையும் கழிக்க வேண்டும். உங்கள் ஆலை லொறி போய்வருகிற ஒழுங்கை என்றால் மேடு நிச்சயம் இருக்கும்.

இந்த அளவில் ஒரு சூட்சுமம் உண்டு. நிலத்திலிருந்து உயரம் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். சில்லுகளுக்கு இடையே தூரம் கூடினால் வயிறு அதிகம் தொங்கும். ஆர்எக்ஸ்-8க்கு அந்தத் தூரம் 2,700, ஈவோ 10க்கு 2,650. சுசுகி சுவிஃப்ட் ஸ்போர்ட்டுக்கு 2,450தான். அதன் உயரம் 120 மில்லிமீற்றர், 86ஐ விடப் பத்துக் குறைவு. ஆனால் வளைந்த மதகில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் கடக்கும். சுவிஃப்டை ஏன் இழுக்கிறேன் என்று யோசிப்பீர்கள். வருகிறேன்.

அடுத்தது ரயர். 86இன் ரயர்ப் பக்கச் சுவரில் 215/45 ஆர் 17 என்று எழுதியிருந்தால், 215 என்பது மில்லிமீற்றரில் அகலம். 45 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு 45. 17 என்பது அங்குலத்தில் றிம்மின் விட்டம். அகலத்தையும் நூற்றுவீதத்தையும் பெருக்கிப் பார்த்தால் 97 மில்லிமீற்றர் வரும். றிம்முக்கும் கல்லுக்கும் இடையில் உங்களிடம் இருக்கும் ரப்பர் அவ்வளவுதான். 2017இல் வந்த ஹொண்டா சிவிக் டைப் ஆர் கம்பனியிலிருந்து வரும்போதே 245/30 ஆர் 20. அதாவது 74 மில்லிமீற்றர். கிரவல் ஒழுங்கையில் ஒரு மாரி போனால் அந்த றிம் சப்பாத்தி மாதிரி ஆகிவிடும். அது உங்கள் பட்டியலில் இல்லாதது நல்லது. ஈவோ 10க்கு 245/40 ஆர் 18, பக்கச் சுவர் 98. ஆர்எக்ஸ்-8க்கு 225/45 ஆர் 18, அதில் 101. இவற்றோடு வாழலாம்.

86க்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. அதன் குறைந்த தர வகைகள் யப்பானிலேயே 205/55 ஆர் 16 ரயரோடுதான் வந்தன. அந்த அளவுக்கு மாற்றினால் பக்கச் சுவர் 113 ஆகும், காரும் 3 மில்லிமீற்றர் உயரும். அழகு குறையும் என்று பெடியள் சொல்வார்கள். சொல்லட்டும்.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். வன்னியில் ஒரு காரின் பலம் எங்கே தெரியும்? அறுவடைக் காலம், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் ஏ35 வீதி. பாதி வீதியில் நெல் காய்கிறது. முன்னால் நெல் ஏற்றிய உழவு இயந்திரம் 25இல் போகிறது, பின்விளக்கு கிடையாது. எதிரே பஸ் வருவதற்குள் நீங்கள் 30இலிருந்து 65க்கு ஏறிக் கடந்துவிட வேண்டும். இந்த இடத்தில் உதவுவது உச்சக் குதிரைவலு அல்ல, எஞ்சின் குறைந்த சுற்றில் தரும் இழுவை. 86இன் உச்ச இழுவை 205 நியூட்டன் மீற்றர், அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 6,400 சுற்றுக்குப் போனால்தான். ஆர்எக்ஸ்-8உம் 5,500 சுற்றளவில்தான் தன் பலத்தைக் காட்டும். இரண்டிலும் கியரை இரண்டுக்கு இறக்கி எஞ்சினை அலற விட வேண்டும். உங்களுக்கு அது இன்பம். பின்சீற்றில் இருக்கும் அம்மாவுக்கு அல்ல. ஈவோ 3,500 சுற்றில் 400க்கு மேல் தரும், உழவு இயந்திரம் போன இடம் தெரியாது. சுவிஃப்ட் ஸ்போர்ட்டின் 1.4 லீற்றர் டேர்போ எஞ்சின் 2,500 சுற்றிலேயே 230 தரும். கார் நிறை 970 கிலோதான். மூன்றாம் கியரிலேயே காலை அழுத்தினால் போதும்.

பெற்றோலையும் பாருங்கள். இந்த வகைக் கார்கள் எல்லாம் யப்பானில் 'ஹை ஒக்டேன்' ஊற்றி ஓடப் பழகியவை. இங்கே வழக்கமாகக் கிடைப்பதில் அதற்குக் கிட்ட வருவது ஒக்டேன் 95 பெற்றோல்தான். 92 ஊற்றினால் உடனே ஒன்றும் வெடிக்காது. எஞ்சினிலுள்ள உணரி தட்டுகிற சத்தத்தைக் கண்டுபிடித்துப் பிளக்கின் தீப்பொறியைப் பிந்தவைக்கும், பலம் குறையும், அவ்வளவுதான். ஆனால் பங்குனி சித்திரை வெயிலில், டேர்போ காரில், நாலு பேரோடு தொடர்ந்து அழுத்தினால் பிஸ்டனுக்கு நல்லதல்ல. காசு கொடுக்குமுன் நீங்கள் வழக்கமாக அடிக்கும் பெற்றோல் செட்டில் 95 எந்த நாளும் கிடைக்கிறதா என்று ஒரு மாதம் கவனியுங்கள். கிடைக்காது என்றால் ஈவோவை மறந்துவிடலாம்.

இனி ஒவ்வொன்றாக. ஆர்எக்ஸ்-8 பார்க்க வடிவான கார். நாலு கதவு, பின்கதவு பின்பக்கமாகத் திறக்கும், பிள்ளைகள் ஏற வசதி. ஆனால் அதற்குள் இருப்பது பிஸ்டன் இல்லாத சுழல் எஞ்சின். அது தன் அறைக்குள் எண்ணெயைத் தானே தெளித்து எரிக்கும்படி வடிவமைக்கப்பட்டது, ஆகவே எண்ணெய் குறைவது அதற்கு நோயல்ல, குணம். இரண்டு தரம் பெற்றோல் அடித்தால் ஒரு தரம் எண்ணெய் பார்க்க வேண்டும். அதைவிட உங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஆலை முற்றத்தில் லொறிக்கு வழிவிட என்று குளிர்ந்த எஞ்சினைத் தொடக்கி, பத்து மீற்றர் நகர்த்தி, உடனே நிறுத்துவீர்கள். சுழல் எஞ்சினுக்கு அது ஆகவே ஆகாது. பெற்றோல் தேங்கிப் பிளக் நனைந்து, அடுத்த தரம் தொடங்காது. சூடாக இருக்கும்போது தொடங்க அடம்பிடித்தால் அமுக்கம் போய்விட்டது என்று பொருள், பிறகு எஞ்சினைக் கழற்ற வேண்டியதுதான். அதன் அமுக்கத்தை அளக்கவே தனிக் கருவி வேண்டும். வாங்க வேண்டாம்.

86 எனக்கு மிகவும் பிடித்த கார். 70இல் போகும்போதே 120இல் போகிற மாதிரிச் சந்தோசம் தரும். நம் ஊர் வேகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பின்சீற்றைத் தனித்தனியாக அல்ல, ஒரே பலகையாக மடிக்கலாம். மடித்தால் நாலு ரயரை உள்ளே அடுக்கும் இடம். மடிக்காவிட்டால் உங்கள் பிள்ளைகள் இரண்டும் இருக்கும், இன்னும் மூன்று நாலு வருடத்துக்கு. அம்மாவுக்குப் பின்னால் இடமே இல்லை. முன்னால் இருத்தினாலும் அந்த ஆழத்திலிருந்து முழங்காலை ஊன்றி எழும்புவது பெரும்பாடு. மனைவி எங்கே இருப்பார் என்ற கேள்வியும் இருக்கிறது. வீட்டில் இன்னொரு வாகனம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 86ஐச் சொல்லியிருப்பேன்.

உங்கள் மூன்றுக்குள்தான் எடுப்பேன் என்றால் ஈவோ. நாலு கதவு, சாதாரண சீற் உயரம், நாலு சில்லிலும் இழுவை. மாரியில் சேறான ஒழுங்கையில் அது தரும் தைரியத்துக்கு விலையில்லை. ஐந்து கியர் மனுவலைத் தேடுங்கள், இரட்டைக் கிளச் தானியங்கி வேண்டாம். அது பழுதானால் இங்கே கைவைக்க ஆள் தேட வேண்டும். டிக்கியில் பற்றரி இருக்கும், பின்சீற் மடியாது. ஆக, சக்கர நாற்காலி கொண்டுபோகும் நிலை வந்தால் சங்கடம். முன்னால் வாயைத் திறந்தபடி, டேர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்ரர்கூலர் இருக்கும். ஆலை முற்றத்து உமித்தூசு முழுக்க அதற்குள்தான் போகும், கிழமைக்கு ஒருமுறை மெதுவாகக் காற்றடித்துத் துப்புரவாக்க வேண்டும். 2016இல் உற்பத்தி நின்றுவிட்டது. சாமான் விலை கூடிக்கொண்டே போகும், குறையாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 2017க்குப் பிந்திய சுவிஃப்ட் ஸ்போர்ட் வாங்குவேன். முகத்தைச் சுளிக்காதீர்கள். ஆறு கியர் மனுவல், ஐந்து கதவு, டிக்கி 265 லீற்றர், பின்சீற் மடியும், அம்மாவால் ஏறி இறங்க முடியும். சாதாரண சுவிஃப்ட் நாடு முழுக்க ஓடுவதால் கையைக் கறுப்பாக்கிக்கொள்ளத் தெரிந்த எந்தக் கராஜ்காரருக்கும் அதன் அடிப்பக்கம் பழக்கம். குறை ஒன்று உண்டு. 195/45 ஆர் 17 ரயரின் பக்கச் சுவர் 88தான். 195/50 ஆர் 16க்கு மாற்றினால் 98 ஆகும். பிரேக் கலிப்பரில் முட்டுகிறதா என்று ஒரு றிம்மைப் போட்டுச் சுற்றிப் பார்த்த பிறகு நாலையும் வாங்குங்கள். முன் பம்பரின் கீழ் உதடும் தாழ்வு, மதகு ஏறும்போது கொஞ்சம் சரித்து ஏற்ற வேண்டும்.

புதிதாக இறக்குமதி செய்யலாமா என்று யாராவது சொல்லக்கூடும். 2020 பங்குனியில் நிறுத்திய இறக்குமதியை 2025 மாசியில் மீண்டும் திறந்தார்கள்தான். ஆனால் வரி எஞ்சினின் சிசியைப் பார்த்து ஏறுகிறது, பழைய காருக்கு வயதெல்லையும் உண்டு. 2,000 சிசிக்காரன் பக்கம் போனால் காருக்கு ஒரு விலை, அரசாங்கத்துக்கு இன்னொரு விலை என்றாகும்.

எதைப் பார்த்தாலும் பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கத்தை எஞ்சினோடு ஒப்பிடுங்கள். இந்த வகைக் கார்களில் எஞ்சின் மாற்றுவது சாதாரணம், புத்தகத்தில் மாற்றாமல் விடுவதும் சாதாரணம். லீசிங் மீதி இருக்கிறதா என்றும் பாருங்கள். காரை ஜாக்கில் அல்ல, ராம்பில் ஏற்றி எண்ணெய்ச் சட்டியின் அடியைத் தடவுங்கள். ஒட்டுப் போட்டிருந்தால் கையில் தட்டுப்படும். காற்று இழுக்கும் குழாய் எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது என்றும் ஒருமுறை பாருங்கள். 2018 மார்கழி வெள்ளம் நினைவிருக்கும். தாழ்ந்த குழாய் தண்ணீரைக் குடித்தால் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கும் நாட்களில் காரை ஆலையிலேயே விட்டுவிட்டு லொறியில் வீட்டுக்குப் போங்கள்.

பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று தரம் ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் தரம் உங்களுக்காகச் சிரித்துக்கொண்டே இறங்குவார். மூன்றாம் தரம் கதவுத் தூணை எங்கே பிடிக்கிறார் என்று பாருங்கள்.